மூச்சுப் பாட்டும் மூன்று இழுப்பும்

என் அத்தானுக்கு இடது காது கேட்காது. முப்பது வருஷத்துக்கு மேல் சங்கு குளித்தவர். ஆழத்துக்குப் போகப் போகத் தண்ணீர் வந்து காதுக்குள் கதவைத் தட்டுகிற மாதிரித் தட்டும் என்பார். ஒருநாள் வெகுநேரம் தட்டிப் பார்த்துவிட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று யாரோ மூன்றாம் மனிதருக்கு நடந்தது போலச் சொல்வார். மிச்சமிருந்த வலது காதை வைத்துக்கொண்டே என் அக்காவோடு குடும்பம் நடத்தினார், ஒரே மகளைப் படிக்க வைத்தார், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் கேட்டார், கேட்கப் பிடிக்காத இடத்தில் தலையை வலப்பக்கமாகச் சாய்த்து அதையும் மூடிக்கொண்டார்.

சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிற தெருவில் ரகசியம் பேச முடியாது. பாதிப் பேருக்குக் காது மந்தம். 'மெதுவாகச் சொல்லு' என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது மூன்றாவது தெருவுக்குக் கேட்கும். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில், அத்தான் ராத்திரி அவளிடம் கொஞ்சிப் பேசியதைப் பக்கத்து வீட்டுக்காரி மறுநாள் குழாயடியில் வைத்து ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னாளாம். இன்றைக்கும் அதைச் சொல்ல வந்தால் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அத்தான் கடலுக்குள் இறங்கும்போதெல்லாம் மேலே வள்ளத்தில் கயிறு பிடித்தது நான். எங்கள் பக்கத்தில் சங்கு குளிக்கிறவனுக்கு மச்சினன்தான் கயிறு பிடிப்பான். தன் உடன்பிறந்தவள் தாலிக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று உயிரைக் கொடுத்துப் பிடிப்பான் என்பது சொல்லுகிற காரணம். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் கண் கலங்கிவிடுவார்கள். அத்தான் சொல்கிற காரணம் வேறு. "கூடப் பொறந்தவன்னா திருப்பி ஏசுவாம்லா. மச்சினன்னா எவ்வளவு ஏசுனாலும் வாங்கிக்கிடுவான்" என்பார். பதினான்கு வருஷம் பிடித்தேன். வாங்கியும் கொண்டேன்.

கயிற்றில் எங்களுக்கு ஒரு பேச்சு உண்டு. ஒரு இழுப்பு என்றால், தரை தொட்டுவிட்டேன், சுகமாக இருக்கிறேன். இரண்டு இழுப்பு, சங்குப் பை நிறைந்துவிட்டது, ஏற்று. மூன்று இழுப்பு அடுத்தடுத்து வந்தால், ஆளைத் தூக்கு. மூன்று வந்தபிறகு யோசிக்கக் கூடாது. ஏன், என்ன என்று நினைக்கிற நேரத்தில் கீழே ஒருவன் தண்ணீர் குடித்துவிடுவான். அதே மூன்று மேலேயிருந்து கீழே போனால், உடனே வா என்று அர்த்தம். கீழே இருக்கிறவனும் கேள்வி கேட்கக் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் சங்கு கிடந்தாலும் விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். எங்கள் இருவர் கையும் இதை எங்களைக் கேட்காமலே செய்யும் அளவுக்குப் பழகியிருந்தன. இந்தக் கதையே அந்தப் பழக்கத்தால் வந்ததுதான்.

பிறகு எனக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. கப்பலில் சரக்கு இறக்குகிற கிரேன்காரருக்குக் கீழே நின்று கைகாட்டுகிற வேலை. ஏற்று, இறக்கு, கொஞ்சம் தள்ளு, நிறுத்து, எல்லாம் கையாலேயே. கயிற்றிலிருந்து கைக்கு மாறிவிட்டான், இரண்டிலும் வாய்க்கு வேலை இல்லை, அதனால்தான் வீட்டுக்கு வந்து இந்தப் பேச்சு பேசுகிறான் என்று அத்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்தார்.

பாட்டுக்கு வருகிறேன். கப்பலில் வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அப்படி ஒருவர் விடுப்பில் வந்தபோது அத்தானுக்கு ஒரு கேசட் கொடுத்தார். எங்கள் வள்ளத்தில் பேட்டரி போட்ட ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. கேசட்டின் மேல் ஒட்டியிருந்த தாள் முதல் மாதமே உப்புத் தண்ணீரில் கரைந்து போய்விட்டது. பாடுகிறவர்கள் யார், எந்த நாட்டுக்காரர்கள், பாட்டுக்கு என்ன பெயர், ஒன்றும் தெரியாது. ஒரு கிட்டார் இல்லை, இரண்டு கிட்டார். வெறிபிடித்த மாதிரி ஒரு டிரம். பழைய சளி போகாத தொண்டையில் ஒரு குரல். அது எங்களுக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று.

பெயர் தெரியாததால் நாங்களே வைத்துக்கொண்டோம். நங்கூரம் இழுக்கும் வேகத்துக்குப் பொருந்தி வந்தது நங்கூரப் பாட்டு. கிளம்பாத இஞ்சின் இருமுகிற மாதிரி ஆரம்பிப்பது இஞ்சின் பாட்டு. ஒருத்தன் நிறுத்தாமல் யாரையோ திட்டுகிற மாதிரி இருந்தது சம்மாட்டிப் பாட்டு. வள்ளத்தின் முதலாளியை நாங்கள் சம்மாட்டி என்போம். அந்தப் பாட்டில் டிரம் மூன்று அடி அடித்து நிற்கும், மறுபடி மூன்று அடிக்கும்.

கடைசிப் பாட்டு மூச்சுப் பாட்டு. அதன் ஆரம்பத்தில் கிட்டாரிலிருந்து ஒரே ஒரு சுரம் எழும்பும். எழும்பி அப்படியே நிற்கும். இப்போது விழும் என்று நினைப்போம், விழாது. இன்னும் கொஞ்சம் மேலே போகும். அத்தான் தொழிலுக்கு வந்த காலத்தில் மூச்சைப் பிடித்துத்தான் குளித்தார்கள். அந்தச் சுரம் எழும்பியதும் அவர் மூச்சைப் பிடிப்பார், அது இறங்கி டிரம் விழுந்தபிறகுதான் விடுவார். மூச்சுப் பழக அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்பார். பின்னால் கம்ப்ரசர் வந்து, குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டே குளிக்கலாம் என்று ஆனது. மூச்சைப் பிடிக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. ஆனால் அந்தப் பாட்டு வந்தால் மட்டும் அவருக்கு மூச்சு தானாக நின்றுவிடும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வாயில் சோறு அப்படியே இருக்கும். "சோத்த முழுங்கிட்டு மூச்சப் பிடிங்க" என்று அக்கா குசினியிலிருந்து சத்தம் போடுவாள்.

பல வருஷம் கழித்து அக்கா மகள் தன் செல்போனில் தேடி, பாடியவர்கள் யார், பாட்டுகளுக்கு என்ன பெயர் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். உலகம் பூராவும் தெரிந்த குழுவாம். எங்களுக்குத்தான் தெரியவில்லை. அத்தான் அந்தப் பெயர்களைக் கேட்டுவிட்டு, நாம் வைத்த பெயரே நன்றாக இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம் என்றார். நானும் இங்கே அவர் சொன்னபடியே விட்டுவிடுகிறேன்.

போன வருஷம் அவருடைய வலது காதும் மங்க ஆரம்பித்தது. மில்லர்புரத்துப் பக்கம் ஒரு காது டாக்டரிடம் என் பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பொறுமையான மனிதர். தலையில் கண்ணாடி மாட்டிப் பார்த்து, சின்ன அறையில் உட்காரவைத்து மெஷின் சத்தமெல்லாம் கேட்கவைத்து, கடைசியில் காகிதத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். கோடு படிக்கட்டில் இறங்குகிற மாதிரி இறங்கியது. இருப்பதை வைத்து ஒரு வருஷம் ஓட்டலாம், அதற்குப் பிறகு காதுக்கு மெஷின் வைத்தால் பேச்சு நன்றாகக் கேட்கும் என்றார். அத்தான், பாட்டு கேட்குமா என்று கேட்டார். சத்தம் கேட்கும், பாட்டு பாட்டாகக் கேட்குமா என்பதற்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அத்தான் பைக்கின் பின்னால் அந்தக் காகிதத்தை விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் இறங்கிச் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்: "பேச்சுதான் கேக்குங்காரு. பேச்சு அம்பது வருசமா கேட்டாச்சு மாப்ள."

அன்றைக்கிலிருந்து அவர் செல்போனை வலது காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு அந்தப் பாட்டுகளைக் கேட்க ஆரம்பித்தார். யாரோடோ பேசுகிறார் என்று நினைத்துத் தெருவில் போகிறவர்கள் காத்து நிற்பார்கள். ஒருநாள் என்னிடம், இந்தக் கேசட்டில் வாசிக்கிறவன் கையிலிருந்து அந்தச் சுரம் நேராகப் புறப்பட்டு வருவதை ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அதற்குப் பிறகு காது எப்படிப் போனால் என்ன என்றார். வாசிக்கிறவன் எந்தக் கண்டத்தில் இருக்கிறானோ. நானும் சரி சரி என்று தலையாட்டினேன்.

அடுத்த மூன்றாவது மாதம் அந்தக் குழு பெங்களூரு வருகிறது என்று செய்தி வந்தது. அக்கா மகள் அங்கேதான் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அப்பாவுக்கும் மாமாவுக்கும் மேடைக்கு நேர் முன்னாலேயே இடம் வாங்கிவிட்டேன், எனக்குப் பின்னால்தான் கிடைத்தது, பரவாயில்லை என்று போன் செய்தாள். மேடைக்கு எவ்வளவு கிட்டப் போகிறோமோ அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். காது மந்தமானவரிடம் கிட்டப் போய்த்தானே பேசுவோம்.

புறப்படுகிற அன்று அக்கா ஒரு டப்பா மக்ரூன் கட்டிக் கொடுத்தாள். ரயிலுக்குக் கிளம்பி வாசலைத் தாண்டும்போது என்னைப் பார்த்து, "கயித்த விட்டுராத" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பதினான்கு வருஷம் விடியற்காலையில் அதே வாசலில் நின்று அதையேதான் சொல்லி அனுப்பினாள். இப்போது ரயிலுக்குப் போகிறவனிடம் வாய் தவறி வந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மைதானத்து வாசலில் வரிசை ஒரு மைல் நீளம் இருக்கும். நிற்கிறவர்கள் எல்லோரும் கறுப்புச் சட்டை. அத்தான் பூசைக்குப் போகிற வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. எங்கள் முன்னால் நின்ற பச்சை குத்திய ஒருத்தர், பார்க்க முரடராகத் தெரிந்தவர், தமிழில், 'அங்கிள், நீங்க இவங்க ரசிகரா?' என்று மரியாதையாகக் கேட்டார். நான் அத்தானின் வலது காதில் கேள்வியைப் போட்டேன். "எங்க கேசட்டு உங்களவிட மூத்தது தம்பி" என்றார் அத்தான், ஊருக்கே கேட்கிற மாதிரி. வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவருக்கு அது கேட்கவில்லை. கைகள் அசைவதைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார்.

பை சோதிக்கிற இடத்தில் மக்ரூன் டப்பாவை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். திருப்பி எடுத்துக்கொண்டு போகவும் வழியில்லை. அத்தான் அங்கேயே மூடியைத் திறந்து வரிசையில் நீட்டிவிட்டார். முதலில் எடுத்தவர் பச்சை குத்தியவர். பிறகு சோதனை செய்த அம்மாவும் ஒன்று எடுத்துக்கொண்டார். இது என்ன, வாயில் வைத்ததும் காணாமல் போகிறது என்று கன்னடத்தில் கேட்டாராம். பச்சை குத்தியவர்தான் மொழிபெயர்த்தார். தூத்துக்குடியில் எல்லாமே அப்படித்தான், ருசி மட்டும் நிற்கும் என்று நான் சொன்னதை அவர் மொழிபெயர்த்தாரா என்று தெரியாது.

உள்ளே போனதும் அத்தான் தன் தோளில் கிடந்த துண்டையும் என் துண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டினார், மறுமுனையை என் மணிக்கட்டில். இந்தக் கூட்டத்தில் நீ கூப்பிட்டால் எனக்குக் கேட்காது, போன் அடித்தாலும் கேட்காது, இது இருக்கட்டும் என்றார். அக்கா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. முடிச்சை இன்னும் ஒரு தடவை இறுக்கினேன்.

வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். மேடையில் அவர்கள் வந்து நின்றதும் எழும்பிய கூச்சலை நான் துறைமுகத்தில்கூடக் கேட்டதில்லை. படத்தில் பார்த்தவர்களைவிடக் கிழவர்களாக இருந்தார்கள். கிட்டார் வாசிக்கிறவருக்கு முன்மண்டை வழுக்கை. ஆனால் கையை ஓங்கி முதல் அடி அடித்தார் பாருங்கள், நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ சாக்குமூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நங்கூரப் பாட்டு. நான் சந்தோஷத்தில் அத்தானைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றுமில்லை. காதை மேடைப் பக்கம் திருப்பினார், இந்தப் பக்கம் திருப்பினார், கையைக் குவித்து வைத்துப் பார்த்தார்.

என் காதருகே குனிந்து, "ஒண்ணும் பிரியல மாப்ள. கம்ப்ரசர் பக்கத்துல நிக்க மாரி இருக்கு" என்றார்.

கிட்டப் போனால் தெளிவாகக் கேட்கும் என்று நாங்கள் நினைத்தது தப்பு. அவ்வளவு பெரிய ஸ்பீக்கர்களுக்கு முன்னால் அவருடைய அரைக் காதில் கிட்டாரும் குரலும் டிரம்மும் ஒரே இரைச்சலாகக் கலந்து விழுந்தன. முகத்தைத் தொங்கப் போடவில்லை, அத்தான் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் பந்தியில் உட்கார்ந்து இலையில் ஒன்றும் விழாத மனிதர் மாதிரி, சுற்றி இருக்கிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எனக்குத் தெரிந்தது கைகாட்டுகிற வேலை. பாட்டு ஆரம்பித்ததும் அவர் முன்னால் கையைத் தூக்கி நங்கூரம் இழுக்கிற மாதிரி காட்டினேன். புரிந்துகொண்டு தலையாட்டினார். அடுத்தது இஞ்சின் பாட்டு. கயிறு சுற்றி இழுத்து இஞ்சினைக் கிளப்புகிற மாதிரி காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு ஞாபகத்திலிருந்தே பாட ஆரம்பித்தார், மேடையில் போவதற்கும் இவர் பாடுவதற்கும் அரை நிமிஷம் வித்தியாசத்தில். பக்கத்தில் நின்ற பெண்கள் இரண்டு பேர் அவரோடு சேர்ந்து அந்தத் தாளத்துக்குத் தோளை ஆட்டினார்கள். அவருக்கு நான் கையால் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மூச்சுப் பாட்டு வரும்போதும் இப்படிக் கையால்தான் சொல்லப்போகிறேன், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கு உள்ளே அறுத்தது.

பொழுது சாய்ந்து மேடை விளக்குகள் சிவந்தபோது பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. அத்தான் முன்னால் தள்ளப்பட்டார், எனக்கும் அவருக்கும் இடையில் இரண்டு பேர் புகுந்துவிட்டார்கள். துண்டு அவர்கள் தோளுக்கு மேலே விறைத்து நின்றது. அவருடைய வெள்ளைச் சட்டையின் காலர் மட்டும் எனக்குத் தெரிந்தது.

அப்போது மணிக்கட்டில் வந்தது. மூன்று இழுப்பு. நின்றது. மறுபடி மூன்று.

நான் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்றுதான் பழகியிருக்கிறேன். மூன்று இழுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் துண்டைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பக்கமிருந்து எதிர்ப்பே இல்லை, ஆள் வருகிறார். ஐயோ, மயக்கமாகிவிட்டார் போல, துணி மாதிரி வருகிறாரே என்று இன்னும் இழுத்தேன். நடுவில் இருந்தவர்கள் விலகினார்கள். அத்தான் கண் அகல வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். வழி விடுங்க, வழி விடுங்க என்று கத்தினேன். அவரும் அதையே கத்தினார், என்னைவிட நாலு மடங்கு சத்தமாக. கூட்டம் நல்ல கூட்டம். ஒருவர் தண்ணீர் ஊற்றினார், ஒருவர் அட்டையால் விசிறினார், பச்சை குத்தியவர் எங்கிருந்தோ முளைத்துக் கையை அகல விரித்து முன்னால் வழி உண்டாக்கிக்கொண்டே போனார். மைதானத்தின் ஓரத்தில், மேடையிலிருந்து வெகு தூரத்தில், முதலுதவிக் கூடாரம் இருந்தது. அங்கே கொண்டுபோய் எங்களை விட்டார்.

அங்கே இருந்த நர்ஸ் ஓசூர்ப் பக்கத்துப் பெண். "யாருக்கு முடியல?" என்றாள்.

நான் அத்தானைக் காட்டினேன். அதே நேரத்தில் அத்தான் என்னைக் காட்டினார்.

"இவருக்குத்தான்" என்றேன். "இவனுக்குத்தான்மா, என் மச்சினன்" என்றார். நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் மணிக்கட்டுகளைச் சேர்த்துக் கட்டியிருந்த துண்டையும் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, இரண்டு பேரையுமே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார வைத்துவிட்டாள்.

நான் அவர் காதில் வாயை வைத்து, மூன்று இழுத்தீர்களே என்று கேட்டேன். "நான் எங்க இழுத்தேன், நீதான இழுத்த" என்றார். துண்டு எப்படி இழுபட்டது என்று நான் செய்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். மேடைக்குக் கிட்ட நிற்கும்போது காதில் ஒன்றும் பிரியாவிட்டாலும், டிரம் மட்டும் நெஞ்சில் விழுந்திருக்கிறது. மூன்று அடி, நின்றது, மூன்று அடி. சம்மாட்டிப் பாட்டு! நான் கைகாட்டாமல் அவராகக் கண்டுபிடித்த முதல் பாட்டு. அந்தக் குஷியில் கையை வீசித் தாளம் போட்டிருக்கிறார். கையில் துண்டு கட்டியிருப்பதை மறந்துவிட்டார். நான் மூன்று திருப்பிக் கொடுத்ததும், மேலே இருக்கிறவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் பாட்டையும் மேடையையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்துவிட்டார்.

"ஏலே, அந்தப் பாட்டாவது எனக்குக் கெடச்சிது. அதுலருந்தும் நீ என்னத் தூக்கிட்ட" என்றார்.

திரும்ப முன்னால் போக வழியே இல்லை. கூடாரத்து வாசலிலிருந்து பார்த்தால் மேடை தீப்பெட்டி அளவில் தெரிந்தது. நர்ஸ் அத்தான் கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றி, பேசாமல் இருங்கள் என்றாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

மைதானம் திடீரென்று அமைதியானது. அந்த அமைதியிலிருந்து ஒரே ஒரு சுரம் எழும்பியது.

நான் கையைத் தூக்கினேன், அவருக்குக் காட்டுவதற்காக. காட்ட வேண்டியிருக்கவில்லை. அத்தான் தலை வலது காது முன்னால் வருகிற மாதிரி மெல்லத் திரும்பியது. கண் அப்படியே நின்றது. வாய் கொஞ்சம் திறந்து, மூடியது. மூச்சு நின்றுவிட்டது.

அவ்வளவு தூரத்தில் இரைச்சலெல்லாம் உதிர்ந்துபோய், கிட்டார் மட்டும் ஒற்றை நூலாக அந்தக் கூடாரத்துக்குள் வந்துகொண்டிருந்தது. வள்ளத்தில் கேட்டபோதும் அப்படித்தான் வரும். சின்னப் பெட்டி, பெரிய கடல். இப்போது விழும் என்று நினைத்தேன், விழவில்லை. கேசட்டில் இருப்பதைவிட நீளமாக அந்த வழுக்கைத் தலைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அத்தான் கழுத்து நரம்பு புடைத்தது. நர்ஸ் பட்டையைப் பார்த்தாள், அவர் நெஞ்சைப் பார்த்தாள். நெஞ்சு அசையவில்லை. பதறிப்போய் அவர் தோளை உலுக்கினாள், சார், சார், மூச்சு விடுங்க என்றாள். நான் கையெடுத்துக் கும்பிட்டு, விடுவாரும்மா, விடுவாரும்மா, கொஞ்சம் பொறுங்க என்று கெஞ்சினேன். அவள் ஆக்சிஜன் சிலிண்டர் பக்கம் ஓடினாள்.

டிரம் விழுந்தது. அத்தான் மூச்சை விட்டார்.

துண்டு இன்னும் எங்கள் மணிக்கட்டில்தான் இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேடைப் பக்கமே பார்த்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். ஒன்றே ஒன்று.

பாட்டு முடியும்வரை நாங்கள் அசையவில்லை. ஒவ்வொரு வரியிலும் அவர் உதடு மேடையோடு சரியாகச் சேர்ந்து போனது, அரை நிமிஷ வித்தியாசம் இல்லாமல். சிலிண்டரோடு வந்த நர்ஸ், ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து எங்களைத் திட்டினாள். அத்தான் அவள் பேசி முடிக்கும்வரை பணிவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், அந்தப் பிள்ளை என்ன சொல்லுது என்று கேட்டார். பிரஷர் நார்மல் என்று சொல்லுகிறாள் என்றேன்.

வாசலில் காத்திருந்த அக்கா மகள், முன்னாலிருந்து எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டாள். அத்தான் ஒரு வினாடி என்னைப் பார்த்தார். பிறகு, ரொம்ப நல்ல இடம், உட்கார நாற்காலி, பார்த்துக்கொள்ள ஒரு ஆள், அடுத்த தடவையும் அங்கேயே வாங்கு என்றார். மறுநாள் வண்டியேறும்போதுதான் நடந்ததைச் சொன்னோம். அவள் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

வீட்டில் அக்கா கேட்டது ஒன்றுதான். புருஷன் முகத்தருகே போய், வலது காதில், "கேட்டுச்சா?" என்றாள்.

"முழுசாக் கேட்டேன்ளா" என்றார். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

பிறகு என் பக்கம் திரும்பி, கயிற்றை விடவில்லையே என்றாள். விடவில்லை, கொஞ்சம் முந்தி இழுத்துவிட்டேன் என்றேன். அத்தான் அதைக் கரையில் யாரைப் பார்த்தாலும் வேறு மாதிரி சொல்கிறார். பதினான்கு வருஷம் கயிறு பிடித்தும் இவன் சரியான நேரத்துக்குத் தூக்கியது அந்த ஒரு தடவைதான் என்கிறார். நான் திருப்பி ஏசுவதில்லை. மச்சினன் இல்லையா.

டாக்டர் சொன்ன ஒரு வருஷம் முழுதாக ஓடவில்லை. போன மாதம் காதுக்கு மெஷின் வைத்தோம். பேச்சு கேட்கிறது, அவர் சொன்னபடியே. மெஷின் வந்த முதல் நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் நான் செல்போனில் மூச்சுப் பாட்டைப் போட்டேன். அத்தான் தலையைச் சாய்த்துக் கேட்டார். கொசு பாடுகிற மாதிரி இருக்கிறது, ஆனால் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது என்றார். அப்படிச் சொல்லிவிட்டு ஒரு உருண்டைச் சோற்றை எடுத்து வாயில் போட்டார். அது வாயிலேயே நின்றது.

அக்கா குசினியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. டிரம் விழுகிறவரை நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.